நாற்பது வினாடி

செவ்வாய் மாலை ஆறரை. கறவைக் கொட்டகை.
பத்தாவது மாட்டின் மடியில் கருவியைப் பொருத்தும்போது
வானொலியில் நிபுணர்கள் வந்துவிட்டார்கள்.

டோனகா ஹெகார்ட்டி, கேலிக் கால்பந்து,
பதினோரு வருடம் கோலுக்கு முன்னால் நின்ற ஆள்,
இரண்டு முழங்காலும் இப்போது உலோகம்.
அசம்ப்டா கினேன், ஹர்லிங்,
ஆட்டத்தைப் பார்க்க மாட்டார், எண்ணுவார்.

முதலில் பருவத்தை அறுத்துப் போட்டார்கள்.
கவுண்டி ஆட்டமெல்லாம் ஜூலையோடு முடிகிறது,
ஆகஸ்டிலிருந்து மைதானம் ஊர்க் கிளப்புக்கு.
நல்லதுதான் என்றார் அசம்ப்டா,
எந்த ஞாயிறு ஆட்டமென்று தெரிந்தால்தானே
ஒருவன் கல்யாணத் தேதி குறிக்க முடியும்?
டோனகாவுக்கு ஆறவில்லை.
செப்டம்பர் என்றால் இறுதியாட்டம்.
அதைப் பிடுங்கி வைக்கோல் வெயிலில் நட்டுவிட்டார்கள்,
இப்போது செப்டம்பரில் என் வீட்டுக்காரி
கையில் பெயிண்ட் டப்பாவைக் கொடுக்கிறாள்.

பிறகு டெரிமொய்ல்.

பதினைந்து பேரில் பதினொருவர்
இரண்டு அணியிலும் அதே ஆட்கள்.
ஒரு ஞாயிறு மட்டை, மறு ஞாயிறு கால்.
ஒரே தொடைத் தசை
இரண்டு எஜமானுக்கு ஊழியம் செய்யாது என்றார்.
கடைசியில் நெஞ்சுரம் போய்விட்டது என்றார்.
பக்கம் புரளும் சத்தம் கேட்டது.
"கோலியிடமிருந்து பறந்த பந்து நாற்பத்தொன்று.
நம் கைக்கு வந்தது பதினேழு.
நெஞ்சுரம் என்று சொல்லாதீர்கள், டோனகா.
பதினேழு என்று சொல்லுங்கள்."

மாடு காலை மாற்றி வைத்தது.
நான் காத்திருந்தேன்.

குறுக்குக்கட்டைக்குக் கீழே போனால் மூன்று, பச்சைக்கொடி.
மேலே போனால் ஒன்று, வெள்ளைக்கொடி.
கம்பத்துக்கு வெளியே என்றால்
தலைக்கு மேல் கைகளைக் குறுக்கே வீச வேண்டும்.
வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு
கம்பத்தடியில் நிற்பவனுக்கு வேலை இவ்வளவுதான்.
அன்று நின்றவன் நான்.

சமநிலை. கூடுதல் நேரத்தின் கடைசி அடி.
தோற்பவர்கள் அடுத்த வருடம் கீழ்ப்பிரிவில்.
ஷானன் ஆற்றுமேல் சாய்ந்த சூரியன் நேரே என் கண்ணுக்குள்.
தலைக்கு மேல் தேனீபோல ஏதோ போனது.
கண்ணால் கண்டதும் பொய் என்பார்கள்.
நான் கண்டதுகூட இல்லை.
நான் பார்த்தது மூலையில் நின்ற காவலனின் முகத்தை.
லோர்கன் ட்ரெய்னர், பத்தொன்பது வயது, டெரிமொய்ல்.
அவன் தலை தொங்கிப்போனது.
எதிர்க் கம்பத்து மார்ட்டின் என்னைப் பார்த்தான்,
அவனுக்கும் அதே வெயில்.
குனிந்து வெள்ளையை எடுத்தேன்.

"அந்தக் கடைசிப் பாயிண்ட்?" என்றார் அறிவிப்பாளர்.
எங்கிருந்து பார்த்தாலும் உள்ளேதான் என்றார் டோனகா.
ஒன்று, எழுதியிருக்கிறேன் என்றார் அசம்ப்டா.
பிறகு டிராக்டர் டயர் விளம்பரம்.
நாற்பது வினாடி.
பால் ஓடும் குழாயைப் பார்த்தபடி எண்ணினேன்.
கைக்கு வராத பந்துகளுக்குப் பன்னிரண்டு நிமிடம்,
தொடைத் தசைக்கு ஏழு,
எனக்கு நாற்பது வினாடி,
அதிலும் ஒரு வசவு இல்லை.
ஒரே ஒரு வசவு போதும் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை கால்நடை மருந்துக் கடையில்
வரிசையில் எனக்கு முன்னால் லோர்கன்,
கையில் ஆட்டுக்குப் புழுமருந்து.
திரும்பிச் சிரித்தான்.
"அந்த நேரம் பார்த்து ஆடுசதை இழுத்துப் பிடித்தது,
குனிந்து காலைப் பிடித்தவன்தான்,
பந்து போனதே தெரியாது.
நிமிர்ந்தால் உங்கள் கையில் வெள்ளை.
சரி, போச்சு என்று தெரிந்துகொண்டேன்."

சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போனான்.

நேற்றிரவு நடுவர் கூப்பிட்டார்.
ஞாயிறு மூன்றரைக்குக் கால்பந்து,
டெரிமொய்லும் உண்டு, ஆள் பற்றவில்லை, வருகிறாயா?
கொடியில் அங்கி காய்ந்துகொண்டிருந்தது.
வருகிறேன் என்றேன்.
எந்தக் கோல் என்று மட்டும் கேட்டேன்.